அரைக் கிலோ மாவு

“ஒரு கிலோவுல அரைக் கிலோ எடுத்தா மிச்சம் எவ்வளவு மாமா? சொல்லுங்க! இதுக்கு நான் காலேஜ் படிச்சிருக்கணுமா?”

“அரைக் கிலோதான் பாப்பா. யாரு இல்லேன்னா?”

“ஆனா இதுல முந்நூத்தம்பதுதான் இருக்கு!”

“என் மெஷின்ல நானூத்திப் பத்து காட்டுதே. உன் கண்ணு முன்னாலதானே வெச்சேன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே பொட்டலம், எங்க மெஷின்ல கம்மியாக் காட்டுது, உங்க மெஷின்ல கூடுதலாக் காட்டுது. விக்கிறவங்க மெஷின் கூட்டிக் காட்டினா அதுக்கு என்ன பேரு மாமா?”

மளிகைக்காரர் மாவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியும். கடை வாசலில் நின்ற எங்களுக்கும் தெரியும். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த தையல் அக்கா கையில் இருந்த வெங்காயத்தைக் கூடையில் திரும்பப் போட்டாள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. தீப்பெட்டி வாங்க வந்தேன், வாங்கியும் ஆயிற்று. ஆனாலும் இந்த மாதிரி நேரத்தில் கிளம்பிப் போகிற பழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது.

“நீ எடுக்கும்போது கை தாராளமா விழுந்திருக்கும்மா” என்றார் மளிகைக்காரர், குரலைத் தாழ்த்தி.

“தாராளமா எப்படி விழும்? ஐநூறுன்னு சிவப்பு எழுத்து நிக்கிற வரைக்கும் ஒவ்வொரு கரண்டியாப் போட்டு எடுத்தேன். ரெண்டு கேக்கு பாழாப் போச்சு மாமா. கல்லு மாதிரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் நல்லதா ஒண்ணு செஞ்சு காட்டலேன்னா எனக்கு வேலை போச்சு. உங்க மாவாலதான் போச்சு!”

கத்தியவள் இரும்புக்கடைக்காரர் மகள். எங்கள் தெரு முனையில் பழைய இரும்பு, பழைய பேப்பர், பாட்டில், ஓட்டைப் பாத்திரம் எல்லாம் எடைக்கு வாங்குகிற கடை அவருடையது. ஒற்றைப் பிள்ளை. இருபது வயது தாண்டியும் தெருவுக்கே அவள் பாப்பாதான். அவள் அம்மாவை நாங்கள் இரும்புக்கடை அக்கா என்போம். அந்த அக்கா வாயைத் திறந்தால் தண்ணி லாரிக்காரன்கூட வண்டியைப் பின்னால் எடுப்பான். யார் குப்பையை யார் வாசலில் போட்டாலும், யார் பிள்ளை யார் பிள்ளையை அடித்தாலும், நியாயம் கேட்க முதல் ஆளாக நிற்பவள் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆகா, இனிமேல்தான் கச்சேரி என்று நான் ஒதுங்கி இடம் விட்டேன். அவள் மளிகைக்காரரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகள் கையைப் பிடித்து, “வா வீட்டுக்கு” என்றாள்.

“அம்மா, இவரு...”

“வான்னா வா.”

அவ்வளவுதான். மாவுப் பொட்டலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தையல் அக்கா என் காதருகே வந்து, “உடம்பு கிடம்பு சரியில்லையோ?” என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். பேக்கரி அம்மாவுக்கு ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் கைக்கு ஆள் வேண்டியிருந்தது. பாப்பா வேலை பார்த்த கூரியர் ஆபீஸை இழுத்து மூடியிருந்தார்கள். போய்க் கேட்டாள். பேக்கரி அம்மா சான்றிதழையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. “வீட்டுலயே ஒரு சாக்லேட் பவுண்ட் கேக் செஞ்சு, மேல க்ரீம் பூசி, ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டு வா. நான் தின்னு பாக்குறேன்” என்றாள். செய்முறையையும் வாயாலேயே சொன்னாள். வெண்ணெய் அரைக் கிலோ, சர்க்கரை அதே எடை, மாவு அதே எடை. அந்த மாவிலேயே கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்துக்குக் கோகோ. முட்டை பத்து. “இந்தக் கேக்குல வேற வித்தை கிடையாது. எல்லாம் சம எடை. எடை தப்பினா கேக்கு தப்பும்.”

வெண்ணெய் கம்பெனிப் பொட்டலம். அரைக் கிலோ என்று அதிலேயே அச்சடித்திருக்கும், எடை போட வேண்டியதில்லை. முட்டையும் எண்ணிக்கை. மாவும் சர்க்கரையும்தான் எடை போட வேண்டியவை. எடை மெஷினுக்கு அவள் எங்கே போவாள்? அப்பா கடையிலேயே இருக்கிறதே.

அந்த மெஷினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சிவப்பு எழுத்துப் பெட்டி. எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அதன் மேல் ஒரு பிரியம். பழைய பேப்பர் போடப் போனால், “அண்ணே, அப்படியே நானும் ஒரு தடவை ஏறிக்கிறேன்” என்று ஏறி நிற்போம். தையல் அக்கா போன வருஷம் நடைப்பயிற்சி ஆரம்பித்து, மாதாமாதம் அதில் ஏறி இறங்கி, இளைத்துவிட்டேன் என்று தனக்குத் தானே இரண்டு ரவிக்கை பிடித்துத் தைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மெஷின் அதிகமாகக் காட்டியபோது, “கவர்மெண்ட் மெஷின், துருப்பிடிச்சுப் போச்சு” என்று நாங்கள் ஏகமனதாக முடிவு செய்தோம். ரவிக்கை நெஞ்சைப் பிடித்ததற்குத் துணி சுருங்கியதுதான் காரணம் என்றோம். அதில் ஒரு தடவையும் ஏறாதவள் இரும்புக்கடை அக்கா மட்டும்தான். “எனக்கெதுக்கு, நான் ஈர்க்குச்சி” என்பாள்.

பாப்பா கேக் செய்கிறாள் என்றதும் அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் எவரோ தூக்கிப் போட்ட மின் அடுப்பு ஒன்று எடைக்கு வந்திருந்தது. அதைப் பிரித்து, சுருளை மாற்றி, ஒயரைச் சுற்றி, இரண்டு நாள் வியாபாரத்தைக்கூட விட்டுவிட்டு அதனோடேயே குடித்தனம் நடத்தினார். கதவு மட்டும் சரியாக மூடாது. அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு முக்காலி. எண்ணெய் டின்னை வெட்டி, கை கிழிக்காமல் இருக்க ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்து, நீளமாக ஒரு கேக் டின் பண்ணினார். க்ரீம் பூசும்போது கேக்கைச் சுற்றிவிட வேண்டும் என்று மகள் சொன்னாளாம். ஒரு பழைய மேஜை விசிறியின் அடிப்பாகத்தில் தட்டை வைத்து முறுக்கிக் கொடுத்துவிட்டார். விரலால் தொட்டால் போதும், சத்தமே இல்லாமல் சுற்றும். எனக்கே என் வேலையையெல்லாம் விட்டுவிட்டு அதில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

அவர்கள் அடுக்களைக்கும் என் அடுக்களைக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் மேலே ஒரு முழம் கட்டாமல் விட்ட சுவர். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சும்மா இருந்தாலே விழும். முதல் கேக்கு அன்றைக்கு மழை வருமா வராதா என்று ஒரே புழுக்கம். தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு வேறு. பாப்பா வெண்ணெயையும் சர்க்கரையையும் கையாலேயே போட்டு அடித்தாள். மரக்கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் மத்தியானம் முழுக்கக் கேட்டது. வெண்ணெய் வெளுத்துப் பஞ்சு மாதிரி வர வேண்டும் என்றாளாம் பேக்கரி அம்மா. இவளுக்கு எவ்வளவு அடித்தும் மணல் மாதிரியே இருந்தது. முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றியும் கலவை இளகவில்லை. மாவும் கோகோவும் போட்டதும் கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது.

வெந்து வந்ததை டின்னிலிருந்து கவிழ்த்தபோது ‘தொம்’ என்று ஒரு சத்தம். நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன பாப்பா, அம்மி விழுந்துருச்சா?” என்றேன். நல்ல மனசோடுதான் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

அதன்மேல் பூசுவதற்கு வெண்ணெய், பொடித்த சர்க்கரை, கோகோ, இரண்டு கரண்டி பால் என்று க்ரீம் குழைத்தாள். அதுவும் இறுகிப் போய், பூசப் பூச வெள்ளையடித்த சுவர் மாதிரி வெடித்தது. எனக்கு ஒரு துண்டு வந்தது. தேநீரில் முக்கி முக்கித் தின்றேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

பாப்பா அடுப்பைக் குறை சொன்னாள். அவள் அப்பா மறுபடி அதைப் பிரித்துப் பூட்டினார். இரண்டாவது கேக்குக்கு மிச்ச மாவை எடை போட்டபோதுதான் முந்நூற்றைம்பது. கடையில் சில்லறையாக வேறு மாவு வாங்கி ஐநூறாக்கி, அதையும் செய்து, அதுவும் கல்லாகி, அதற்கப்புறம்தான் அவளுக்கு மாவின் மேல் சந்தேகம் வந்தது. மறுபடி ஒரு கிலோ வாங்கி, அரைக் கிலோ எடுத்து, மிச்சத்தை நிறுத்துப் பார்த்தாள். அதே முந்நூற்றைம்பது. அந்தப் பொட்டலத்தோடுதான் கடைக்குப் போனாள். மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கடையிலிருந்து மகளை இழுத்து வந்த அக்கா வீட்டுக்குள் என்ன பேசினாள் என்பதைச் சுவர் எனக்குச் சொன்னது.

“டம்ளரால அளந்து போடு. உலகத்துல எல்லாரும் டம்ளராலதான் அளக்குறாங்க.”

“பவுண்ட் கேக்னா எடைதாம்மா. அதுக்குப் பேரே அதுதான்.”

“அந்த மெஷினைத் தொடாதேன்னு நான் முதல்லயே சொன்னேனா இல்லையா? துரு, அழுக்கு, எலி மூத்திரம். அதுல சாப்பிடுற சாமானை வெப்பாங்களா?”

“பாத்திரத்துல போட்டுத்தானே வெச்சேன்? நீ ஏன் அவருக்கு வக்காலத்து வாங்குறே? ஊருக்கெல்லாம் நியாயம் கேப்பே. உன் பொண்ணுக்குன்னா வாயில கொழுக்கட்டையா?”

அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்தது. பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அதற்கப்புறம் அக்கா குரல், இந்தத் தடவை ரொம்பத் தாழ்ந்து. நான் அடுப்பை அணைத்துவிட்டேன், கொதிக்கிற சத்தத்தில் சரியாக விழவில்லை என்று.

“அவகிட்ட சொல்லிடுங்க.”

“என்னன்னு சொல்ல?”

“மெஷினு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க.”

“என்னம்மா விளையாடுறியா? பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?”

“அந்த மனுஷனை நடுத்தெருவுல வெச்சுத் திருடன்னு கத்திட்டு வந்திருக்கா. நீங்க உள்ள உக்காந்து டீ குடிக்கிறீங்க.”

“ஆறினதும் மறந்துருவாங்க. பழைய சாமான் வாங்குற எல்லாக் கடையிலயும் இப்படித்தான் கம்மியாக் காட்டத் திருப்பி வெச்சிருக்காங்க. நான் என்ன புதுசாவா கண்டுபுடிச்சேன்?”

அப்படியென்றால் குறைத்துக் காட்டுவது இரும்புக்கடை மெஷின்! எத்தனை வருஷத்துப் பேப்பர்! என் மாமியார் விட்டுப் போன பித்தளை அண்டாவைக்கூட அந்தத் தட்டில்தான் வைத்துவிட்டு வந்தேன். “நல்ல கனமா இருக்கும்னு பார்த்தேன், லேசுதான் அக்கா” என்று அவர் சொன்னதும், பாவம், தேய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஓடிப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் அந்த அக்கா ‘சொல்லிடுங்க’ என்று சொன்ன குரல் காதிலேயே நின்றது. அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். என் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

நான் சொல்லாவிட்டால் என்ன, தெரு வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. “மளிகைக்கடை மெஷின்ல கோளாறாம்.” “எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான், பருப்பு சீக்கிரம் தீருது.” “நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தாரு.” சாயங்காலம் அவர் கடையில் ஈ ஓட்டினார். அடுத்த தெருக் கடையிலிருந்து பையோடு வருகிறவர்கள் அவர் வாசலைக் கடக்கும்போது பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவரே இரும்புக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் பாப்பா விட்டுவிட்டு வந்த மாவுப் பொட்டலம். நானும் என் வாசலைப் பெருக்க வந்தேன், அன்றைக்கு மூன்றாவது தடவையாக.

“அண்ணே, நான் சண்டைக்கு வரல. உங்க மெஷினை ஒரு தடவை கடைக்குக் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துரலாம். என்னுது தப்புன்னா நானே தூக்கிப் போட்டு உடைக்கிறேன்.”

“விடுங்க, சின்னப் பொண்ணு ஏதோ சொல்லிட்டா.”

“சின்னப் பொண்ணு சொன்னதுதான். பெரியவங்க எல்லாரும் கேட்டுட்டாங்களே அண்ணே. விளையாடப் போன எடத்துல எம் பையனைக் கேலி பண்றாங்களாம்.”

“மெஷினு... ரிப்பேருக்குப் போயிருக்கு.”

மளிகைக்காரர் தலையை ஆட்டினார். மாவுப் பொட்டலத்தைப் படியில் வைத்தார். போய்விட்டார்.

உள்ளே இருந்து பாப்பா எட்டிப் பார்த்து, “மெஷின் கடையிலதானேப்பா இருக்கு?” என்றாள்.

“ஏம்மா வம்பு. அவரோட எதுக்கு நமக்கு மல்லுக்கட்டு?”

“நீங்க இப்படிப் பயந்து பயந்துதான்ப்பா எல்லாரும் நம்ம தலையில மொளகா அரைக்கிறாங்க” என்றாள் அவள். அந்தப் பெண்ணுக்கு அப்பா மேல் அவ்வளவு இரக்கம். பழைய சாமான்காரர் என்று ஊர் மட்டமாக நினைக்கிறது, அதனால்தான் மனுஷர் நியாயம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் சைக்கிளில் சரக்கு எடுக்கப் போன நேரம் பார்த்துத் தானே மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டாள். கம்பம் ஒரு பக்கம் சாய, இரும்புத் தட்டு தடதடவென்று அதிர, தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். சாமி ஊர்வலம் போனால்கூட அத்தனை பேர் வெளியே வர மாட்டார்கள். நான் பல் துலக்கிக்கொண்டே போனேன்.

“மாமா! எங்க மெஷின் ரிப்பேர்லாம் இல்ல. இதோ இருக்கு. வாங்க, வெச்சுப் பாப்போம்!”

மளிகைக்காரர் மெஷினைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். மனுஷருக்கு அந்த நிமிஷமே விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். ஏனென்றால் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“வேண்டாம் பாப்பா. போனது போகட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

“ஏன், பயமா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. உள்ளே போய் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எடுத்து வந்தார். கம்பெனி ஒட்டிய பொட்டலம். தன் மெஷினில் வைத்தார். ஆயிரத்துச் சொச்சம், அந்தச் சொச்சம் பொட்டலத்துக் காகிதம். எடுத்து அவள் மெஷினில் வைத்தார். சிவப்பு எழுத்து ஓடி ஓடி எண்ணூற்றைம்பதில் நின்றது.

பாப்பா பொட்டலத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மறுபடி எண்ணூற்றைம்பது. சர்க்கரைப் பொட்டலம் கேட்டு வாங்கி வைத்தாள். சோப்புக் கட்டு வைத்தாள். வண்டி மேடு பள்ளமாக இருக்கிறதோ என்று மெஷினைத் தரையில் இறக்கி வைத்துப் பார்த்தாள். வாய் நிறையப் பல்பொடி நுரையோடு நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

“பழைய மெஷின்ல பாப்பா” என்றார் மளிகைக்காரர் மெதுவாக. “உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ரிப்பேர்தான். அண்ணன் நேத்தே சொன்னாரு.”

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி அவள் அப்பா வந்துவிட்டார். சைக்கிளை எங்கே போட்டாரோ, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

“ரிப்பேர்தானேப்பா?” என்றாள் பாப்பா. கேட்கும்போதே அவள் முகத்தில் ஒரு கெஞ்சல்.

“ஆமாம்மா. ரிப்பேர்தான்.” அவர் உப்புப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் அக்கா பேசினாள். தண்ணி லாரியை விரட்டுகிற அந்தக் குரலா இது என்று இருந்தது. “ரிப்பேர் இல்லடி. வாங்கின நாள்லேருந்து அப்படித்தான் வெச்சிருக்கு. மளிகைக்கடை அண்ணன் மேல தப்பில்ல. அவரு மெஷின் நல்ல மெஷின்.”

ஆளாளுக்கு மனசுக்குள் பழைய பேப்பரையும் பாத்திரத்தையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அப்போது தையல் அக்கா, பாவம், தன்னையும் மீறி, “அப்ப நான் இளைக்கவே இல்லையா?” என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் இரும்புக்கடைக்காரரும் ஒரு ஓரமாகச் சிரிக்கப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். உடனே நிறுத்திக்கொண்டார்.

பாப்பா மெஷினை வண்டியில் ஏற்றக் குனிந்தாள். அப்பா கை கொடுக்க வந்தார். “விடுங்க” என்றாள். மளிகைக்காரரைத்தான் தூக்கிவிடச் சொன்னாள். அவர் தூக்கி வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது அந்தத் தெரு வந்ததைவிட ரொம்ப நீளமாகிவிட்டது போல இருந்தது.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கேட்டது இவ்வளவுதான்.

“உனக்கும் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“நீ பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து.”

“அப்புறம் ஏன் என்னை அதைத் தொட விட்ட?”

“தொடாதேன்னுதானே சொன்னேன்.”

“ஏன்னு சொல்லலையே!”

அப்புறம் அவள் அப்பா என்னமோ சொல்ல ஆரம்பித்தார். தொழில், வாடகை, உன் படிப்பு என்று. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். “நான் மாமாவைத் திருடன்னு சொன்னப்ப நீங்க வீட்டுலதான்ப்பா இருந்தீங்க” என்றாள். நான் ஒரு கரண்டியைக் கீழே போட்டேன், நானும் இந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று. அப்படி ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

சனிக்கிழமை பாப்பா மளிகைக்கடைக்குப் போனாள். நின்றாள். மளிகைக்காரர் மற்றவர்களை அனுப்பிவிட்டு, “என்ன வேணும் பாப்பா?” என்றார்.

“மாமா, அன்னிக்கு நான்...”

“மாவு எவ்வளவு?”

“அரைக் கிலோ. சர்க்கரை அரைக் கிலோ. பூச்சுக்குத் தனியா கால் கிலோ.”

எல்லாவற்றையும் அவரே நிறுத்துத் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். எழுத்து நிற்கிற வரைக்கும் அவளும் மெஷினைப் பார்க்கவில்லை, அவரும் அவளைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மரக்கரண்டிச் சத்தமே வேறாக இருந்தது. வெண்ணெய் வெளுத்து, உப்பி, கரண்டியை விட்டு மெத்தென்று நழுவியது. முட்டை சேரச் சேரப் பட்டு மாதிரி பளபளத்தது. மழையும் அன்றைக்குப் பார்த்துக் கொட்டியது. தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே வந்தது அந்த வாசனை. கோகோவும் வெண்ணெயும் சேர்ந்து சூடாகி, சுவர் ஏறிக் குதித்து, என் வீட்டுக்காரர்கூட எழுந்து உட்கார்ந்து, “என்னடி அது?” என்றார். உச்சியில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டு எழும்பியிருந்தது. அது நல்ல கேக்குக்கு அடையாளமாம். ஆறவைத்து, விசிறித் தட்டில் ஏற்றி, க்ரீமைத் தோசைத் திருப்பியால் வழித்து வழித்துப் பூசினாள். மழமழவென்று நின்றது. ஒரு ஓரத்தை மட்டும் சீவி, அம்மாவுக்கு ஒன்று, சுவருக்கு மேலே எனக்கு ஒன்று, காகிதத்தில் சுற்றி மளிகைக்காரருக்கு ஒன்று. வாயில் போட்டால் கரைந்தது. அவள் அப்பா அடுப்புக்கு முன்னால் முக்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். “அடுப்பு நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தற்செயலாக ரொட்டி தீர்ந்து போயிற்று. பேக்கரிக்குப் போனேன். பேக்கரி அம்மா கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து ஒரு துண்டு வெட்டி, முதலில் முகர்ந்தாள், அப்புறம் அழுத்திப் பார்த்தாள், அப்புறம்தான் தின்றாள்.

“நல்லா வந்திருக்கு. பூச்சு ரொம்ப நல்லா இருக்கு.” வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “எந்த மெஷின்ல எடை போட்டே?”

பாப்பாவின் முகம் காது மடல் வரைக்கும் சிவந்தது. “மளிகைக்கடை மாமா மெஷின்ல.”

“ம். நாளைக்கு வா.”

வேலை கிடைத்துவிட்டது. க்ரீம் பூசுகிற மேஜையில். பின்னறையில் மாவும் சர்க்கரையும் நிறுக்கிற மேஜைக்கு மட்டும் பேக்கரி அம்மா அவளை விடவில்லை. ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எடை போடுகிற நேரம் வந்தால், “நீ கடையைப் பாத்துக்கம்மா” என்று அன்பாக முன்னால் அனுப்பிவிடுவாள். அந்தப் பெண்ணும் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள்.

அவள் அப்பாவைத் தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வினை. அவர் புது மெஷின் வாங்கினார், அதில் இருந்த கவர்மெண்ட் முத்திரையை எல்லாருக்கும் காட்டினார். எங்கள் ஆட்கள் பழைய பேப்பரைக் கட்டிக் கொண்டு போய்க் கடை வாசலில் வைத்துவிட்டு, “எடையெல்லாம் எதுக்குண்ணே, நீங்களே வெச்சுக்குங்க” என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். காசு வாங்காமலேயே திரும்பினார்கள். அடித்திருந்தால்கூட மனுஷர் அங்கேயே இருந்திருப்பார். அடுத்த மழைக்காலத்துக்குள் கடையைக் காலி பண்ணிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையாம். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர்க்காரன் உட்கார்ந்திருக்கிறான். என் பக்கத்து வீட்டுக்குப் புதுசாக வந்திருக்கிறவர்கள் சுவரை மேலே வரைக்கும் கட்டிவிட்டார்கள், நல்ல மனுஷர்கள்தான்.

பாப்பா பேக்கரிக்குக் குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்க வந்த பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு எங்கள் தெருவே போனது. மளிகைக்காரர்தான் வாசலில் நின்று அவள் அப்பாவைக் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போனார். தையல் அக்கா எழுந்து நாற்காலி கொடுத்தாள். “சௌக்கியமா அண்ணே”, “இளைச்சுட்டீங்களே அண்ணே” என்று ஆளாளுக்கு அவ்வளவு மரியாதை. வேர்த்து ஊற்றியது அவருக்கு. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பாப்பா புருஷனோடு துறைமுகப் பட்டணத்துக்குப் போய், அங்கே சொந்தமாக ஒரு கேக் கடை போட்டிருக்கிறாள். அக்காவும் அங்கேயே போய்விட்டாள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. அவர் மட்டும் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் தனியாக இருக்கிறார். போன மாதம் சந்தையில் மளிகைக்காரர் அவரைப் பார்த்தாராம். “நீங்களும் மக கூடப் போய் இருக்கலாமே அண்ணே” என்று கேட்டதற்கு, “கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா” என்றாராம். மளிகைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லையாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.